குல்லாயி நின்றுவிட்டது (மூன்றாவது தடவை)

ஆந்திரத்து லேபாட்சிக் கோயில் ஓவியத்தைப் பார்த்து நான் தைக்கும் குல்லாயி, அதாவது விஜயநகரக் காலத்து உயரமான கூம்புத் தொப்பி, ஒருவழியாக நிமிர்ந்து நின்றுவிட்டது! நேற்று ராத்திரி மேஜைமேல் வைத்துவிட்டு அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே வீரபத்திரர் கோயில் விதானத்தில், அதைக் கட்டிய சகோதரர்கள் விருபண்ணாவும் வீரண்ணாவும் விபூதி வாங்கும் ஓவியம்தான் மாதிரி. துணியின் பூவேலையை அந்த ஓவியர்கள் அவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் மடிப்பும் வளைவும் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. கூம்பின்மேலும் பூ வரிசை தட்டையாக, நேராகவே ஏறுகிறது. தையல் எங்கே என்று ஒரு கோடு கிடையாது. முகமும் பக்கவாட்டில் இருப்பதால் பின்பக்கம் தெரியாது. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியப் பயணி டொமிங்கோ பயஸ் கிருஷ்ணதேவராயரின் சரிகைத் தொப்பியை எழுதிவைத்தார். வெட்டு முறையை எழுதவில்லை.

ஓவியத்தை நம்பி ஒரே துண்டாக வெட்டியதுதான் முதல் தப்பு. தலைச்சுற்று 57 செ.மீ., உயரம் 30. விரித்தால் 104 டிகிரி விசிறி. நெற்றியில் பூ நேராக நிற்கிறது, பின் தையலுக்கு வரும்போது இருபுறமும் 52 டிகிரி சாய்ந்து மோதிக்கொள்கிறது. இரண்டாவது தடவை நான்கு கலி, அதாவது சேர்த்துத் தைக்கும் முக்கோணத் துண்டுகள். அப்போதும் ஓரத்தில் 13 டிகிரி சாய்வு, கண்ணை உறுத்தியது. இப்போது எட்டு கலி. சாய்வு ஆறரை டிகிரிதான். பூ சின்னதாக இருந்தால் தெரியவே தெரியாது. அந்தக் காலத்துத் தையற்காரரும் கலி வைத்துத்தான் தைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆதாரம் கேட்டால் என் கத்தரிக்கோல்தான்.

உள்ளே விறைப்புக்கு வைக்கும் பக்ரம் துணி விஷயத்தில் மட்டும் எரிச்சல். கெட்டியானது கேட்டேன், கடைக்காரர் கொடுத்தது தண்ணீர் பட்டதும் துவண்டுவிட்டது. இரண்டு மடிப்பாக வைத்து ஒட்டவேண்டியதாயிற்று. ப்ரோகேட் சவுகார்பேட்டையில் துண்டுத்துணியாகவே கிடைக்கிறது. முழு மீட்டர் வாங்காதீர்கள்.

அடுத்து கபாயி, அந்த நீள அங்கி. அதற்குள் மனம் அதே விதானத்தின் மனுநீதிச் சோழன் கதைக்குப் போய்விட்டது. கதை சோழனுடையது, ஆனால் அரசவை எனக்கு விஜயநகரமாகத்தான் தெரிகிறது. பழைய காலத்தை எழுதும்போதும் தம் கண்முன் இருந்த துணியைத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது லாபம்; இன்னொரு பூவேலை கிடைத்தது.

உச்சியில் எட்டுத் தையலும் கூடி முண்டாக நிற்கிறது. மூன்று செ.மீ. வெட்டிவிட்டு வட்டத் துண்டு வைத்து மூடலாமா என்று பார்க்கிறேன். ஓவியத்திலும் முனை மழுங்கலாகத்தான் இருக்கிறது.