ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஓட்டத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போதுதான் ஃபேனுக்கு வேலை. வேகமாகப் போகும்போதுதான் சூடேறுகிறது என்றால் ஃபேனை விட்டுவிட்டு ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு), வாட்டர் பம்ப் பக்கம் போங்கள்.

ரேடியேட்டரிலேயே தெர்மோ சுவிட்ச் (தண்ணீர் சூடானதும் ஃபேனை ஆன் செய்யும் சுவிட்ச்) பொருத்திய பழைய வண்டிகளுக்கானது இது. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாக ஓடும், அதனால் விரலை உள்ளே விடாதீர்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியையும் திறக்க வேண்டாம்.

பலர் எடுத்த எடுப்பில் மோட்டாரை வாங்கிவிடுகிறார்கள். அதைவிட, சர்க்யூட்டை நடுவில் பிளப்பதுதான் புத்திசாலித்தனம். அந்த நடு இடம் தெர்மோ சுவிட்ச். இக்னிஷனை ஆன் செய்து, இரண்டு முனை உள்ள சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கி, கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணையுங்கள். ரிலே (சிறு கரன்டால் பெரிய கரன்டை ஆன் செய்யும் மின் சுவிட்ச்) இல்லாத வண்டியில் மோட்டார் கரன்ட் முழுதும் இந்த வழியாகத்தான் போகும், ஆகவே மெல்லிய வயர் உதவாது.

ஃபேன் சுற்றினால் ஃபியூஸ், ரிலே, மோட்டார், எர்த் எல்லாம் வேலை செய்கின்றன. மிச்சம் சுவிட்ச்தான். ஆனாலும் உடனே மாற்றாதீர்கள். சுவிட்ச் பெரும்பாலும் 92 முதல் 97 டிகிரிக்குள் ஆன் ஆகும். அளவு அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். அந்தச் சூட்டுத் தண்ணீர் அதைத் தொட்டால்தானே ஆன் ஆகும்? கூலன்ட் குறைந்தாலும், உள்ளே காற்று அடைத்திருந்தாலும், தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டாலும் சுவிட்ச் குளிர்ந்தே கிடக்கும். இன்ஜின் கொதிக்கும்போது ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் ஜில்லென்று இருந்தால் குற்றவாளி சுவிட்ச் இல்லை.

இணைத்தும் சுற்றவில்லையா? மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் மட்டும் கிளம்புகிறது என்றால் உள்ளே கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கையால் சுற்றும்போது இறுக்கமாக இருந்தால் புஷ் (மோட்டார் தண்டைத் தாங்கும் வளையம்) போய்விட்டது. ஃபியூஸ் அடிக்கடி போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பெரிய ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுச் சமாளித்தால் அடுத்து எரிவது வயர்.

மோட்டார் நன்றாக ஓடினால் ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டில் 30, 87 என்று எண் உள்ள இரண்டு முனைகளையும் இணையுங்கள். ஓடினால் ரிலே அல்லது அதன் காயிலுக்குப் போகும் 85, 86 வயர்கள். ரிலே 'டிக்' என்று சத்தம் போடுவதை மட்டும் நம்பாதீர்கள். காயில் இழுக்கும், கருகிய கான்டாக்ட் கரன்டை விடாது.

இதிலும் ஓடவில்லை அல்லது மந்தமாகச் சுற்றுகிறது என்றால் ஃபியூஸும் கனெக்டரும் எர்த்தும்தான் பாக்கி. இங்கேதான் மல்டிமீட்டர் ஏமாற்றும். லோடு இல்லாமல் அளந்தால், வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் 12 வோல்ட் காட்டும். அதனால் மோட்டாருக்கு இணைப்பு கொடுத்தபடியே அளக்க வேண்டும். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை மோட்டாரின் எர்த் வயரில். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஃபியூஸ் ஹோல்டரையும் பிடுங்கிப் பாருங்கள்: ஃபியூஸ் முழுசாக இருக்கும், ஆனால் ஒரு கால் நீலம் பாய்ந்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் கொஞ்ச நாள்தான் தாங்கும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வயரை வெட்டி, புது டெர்மினல் அழுத்துங்கள்.

ஃபேன் நிற்காமல் ஓடினால் தெர்மோ சுவிட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். நின்றால் சுவிட்ச், நிற்காவிட்டால் கான்டாக்ட் ஒட்டிக்கொண்ட ரிலே.

மோட்டார் மாற்றியவர்களுக்கு ஒன்று: இரண்டு வயரும் இடம் மாறினால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும், பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் உள்ள வண்டியில், முன்பக்கம் ஒரு தாளைக் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, தள்ளிவிட்டால் வயர்களை மாற்றிக் கொடுங்கள்.