நானோ உயிரோடதான் இருக்கு, போர்ட்லதான் வர மாட்டேங்குது

மூணு ராத்திரி முழிச்சது இன்னைக்குதான் பலிச்சுது, அந்த வேகத்துல எழுதுறேன். மண்டபத்துல சித்தப்பாவோட கருவாட்டுக் கொட்டகையில ஒரு அர்டுயினோ நானோ (புரோகிராம் ஏத்துற குட்டி போர்டு) வச்சிருக்கேன், டிஎச்டி22 சென்சார் காட்டுற ஈரப்பதம் 70ஐத் தாண்டினா எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடணும், அவ்ளோதான். சித்தப்பா "கரண்டு பில்லு ஏறுதுடா, 75ல வையி"ன்னாரு. ஒரு நம்பர் மாத்துற வேலைதானேன்னு லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனா, யூஎஸ்பில சொருகியும் போர்ட் லிஸ்ட்ல ஒண்ணுமே இல்ல.

கடுப்பு என்னன்னா போர்டு சாகல. லைட் எரியுது, ஃபேன் சரியா ஓடுது, சரியா நிக்குது. நம்மகிட்ட மட்டும் பேச மாட்டேங்குது.

நாலு கேபிள் மாத்தினேன் (அதுல ரெண்டு சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள், அதை ஏன் இன்னும் வச்சிருக்கேன்னு தெரியல). உபுண்டு 22.04ல அந்த பிஆர்எல்டிடிஒய்ங்கிற புரோகிராம் சனியன், போர்டோட யூஎஸ்பி சிப்பு சிஎச்340ஐ பிரெய்ல் மெஷின்னு நினைச்சுப் பிடுங்கிக்குமே, அதையும் தூக்கினேன், பிரயோஜனமில்ல. யோசிச்சா அதுவா இருக்கவும் முடியாது, அப்படின்னா எல்எஸ்யூஎஸ்பி லிஸ்ட்ல அந்த சிப்போட ஐடி 1ஏ86:7523ன்னாவது காட்டியிருக்கும். எனக்கு டிமெஸ்ஜில (கெர்னல் லாக்) வந்தது டிஸ்கிரிப்டர் ரீட் எரர் -71. அதாவது ஏதோ சொருகியிருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுது, யாருடா நீன்னு கேட்டா பதில் உளறலா வருது.

சாக்கெட்ல இருந்து கழட்டிப் புரட்டிப் பார்த்தப்பதான் சிரிப்பு வந்துச்சு. உப்புக்காத்துக்குப் பயந்து அக்காவோட நெயில் பாலிஷை ரெண்டு கோட்டு அடிச்சிருந்தேன், மேல்பக்கம் மட்டும்! இந்த நானோல சிஎச்340ஜி இருக்கிறது அடியில. பக்கத்துல இருக்குற 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் (சிப்புக்குத் துடிப்பு குடுக்குறது) காலைச் சுத்தி, பித்தளைப் பாத்திரத்துல பூக்குமே, அதே பச்சைக் களிம்பு. 1914ல கட்டுன பாம்பன் பாலத்தையே அரிச்ச காத்து, இது எம்மாத்திரம்.

சிப்போட 4ஆவது கால், வி3, அதுல 3.3 வோல்ட் இருந்துச்சு. அப்ப உயிர் இருக்குன்னு ஒரு நப்பாசை. விளக்குமாத்துல ஒரு ஈர்க்குச்சி உருவி கிரிஸ்டலோட ஓரத்தை அமுக்கிக்கிட்டே சொருகினேன். டிடிஒய்யூஎஸ்பி0ன்னு போர்ட் வந்துருச்சு! குச்சியை எடுத்தா போயிருச்சு. நம்பாம ஏழெட்டு தடவை செஞ்சேன், சித்தி "அந்தக் குச்சியை வச்சு என்னடா மந்திரிக்கிற"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

அப்புறந்தான் உண்மையான ரோதனை. ஐபிஏ ஆல்கஹால் ஊத்தி டூத்பிரஷ்ல தேச்சாச்சு, ஃப்ளக்ஸ் போட்டாச்சு, ஆனா ஈயம் ஒட்டல, உருண்டை உருண்டையா ஓடுது. பிளேடால செம்பு தெரியுற வரைக்கும் சுரண்டினேன், சுரண்டின வேகத்துல ஈயம் ஒட்டுற செம்புப் பேடும் பேந்து வந்துருச்சு, கிரிஸ்டல் காலும் ஒடிஞ்சுருச்சு. ராமநாதபுரத்துல கிரிஸ்டல் கேட்டா "வாட்சுக்கா தம்பி"ங்கிறாங்க. ஆன்லைன்ல கிரிஸ்டல் பத்து ரூபா, கூரியர் எண்பது ரூபா. அப்பதான் டப்பாவுல செத்துக் கிடந்த யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் ஞாபகம் வந்துச்சு, அதுலயும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்தான். கழட்டி, பழைய ஒயர்ல ஒத்தை இழையை உருவி கிரிஸ்டல் சேர வேண்டிய சிப்போட 7ஆவது கால்ல நேரா ஈயம் வச்சேன். கால் இடைவெளி 1.27 மில்லிமீட்டர், எனக்கோ கை நடுங்கும், மூச்சை அடக்கிக்கிட்டுதான் வைக்கணும். மூணாவது தடவை நின்னுச்சு.

இன்னொரு நானோவை ஐஎஸ்பியா (யூஎஸ்பி சிப்பு இல்லாமலே புரோகிராம் ஏத்துற கருவியா) வச்சு ஏத்தியிருக்கலாமேன்னு கேப்பீங்க. ஏத்தியிருக்கலாம். சித்தப்பா "புதுசு ஒண்ணு வாங்கிப் போடேன்டா"ன்னாரு, அங்கதான் வீம்பு வந்துருச்சு.

அடுத்தது சிஎச்340சி போட்ட போர்டுதான், அதுல ஆசிலேட்டர் சிப்புக்குள்ளயே இருக்கு, வெளிய கிரிஸ்டல் வேணாம். மதுரை போறப்ப ரப்பர் வாஷர் வச்ச டப்பாவும் பாக்கணும். டிஎச்டி22வும் ரெண்டு மாசமா அப்பப்ப 99லயே முட்டிக்கிட்டு நிக்குது, அதை மாத்தி எஸ்எச்டி31 சென்சார் போடலாமான்னு ஒரு யோசனை, அந்த விலைக்கு சித்தப்பாகிட்ட யார் பேசுறது.

போர்ட் வந்தும் அப்லோட் ஆகல, நாட் இன் சிங்க்னு எரர். பத்து நிமிஷம் திட்டிட்டுப் பார்த்தா அர்டுயினோ ஐடிஇல ஓல்ட் பூட்லோடர் ஆப்ஷனை செலக்ட் பண்ணல. இப்ப 75 ஏறியாச்சு. அடிப்பக்கத்துக்கு பாலிஷ் அடிக்கணும், பாட்டிலை அக்கா ஒளிச்சு வச்சிருக்கு. அதுவரைக்கும் போர்டு என் மேசையிலதான், கொட்டகையில ஃபேனை சித்தப்பாவே கையால போட்டு நிப்பாட்டிக்கிட்டு இருக்காரு.