பச்சை சூட்கேஸ்

செப்டெம்பர் 9, 2024
சின்னவளின்ர பிரிட்டிஷ் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குக் கடிதம் வந்திட்டுது. 2012 மே மாதம் அவள் பிறக்கேக்க தகப்பனுக்கு நிரந்தர வதிவிட உரிமை இருந்ததுக்கு ஆதாரம் வேணுமாம். இவரைப்போல ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட்காரருக்கு அந்த உரிமை வர அஞ்சு வருசம் விடாமல் வேலை. இவர் ஹொலண்டில இருந்து வந்து இஞ்ச வேலைக்குச் சேர்ந்தது 2007 பெப்ரவரி 26. விரல் விட்டு எண்ணினன். பிள்ளை பிறக்க மூண்டு மாதம்கூட இல்லாத நேரத்திலதான் அஞ்சு நிறைஞ்சிருக்கு.

செப்டெம்பர் 10
2009.

செப்டெம்பர் 14
பச்சை சூட்கேஸைக் கட்டிலில கொட்டினன். 2008 பி-60, அதுதான் வேலைத்தலம் வருசாவருசம் குடுக்கிற சம்பள வரித்துண்டு, இருக்கு. 2010 இருக்கு, அதின்ர பின்பக்கத்தில என்ர கையெழுத்து: தேங்காய் 2, மைசூர்ப் பருப்பு, பம்பேர்ஸ். 2009 இல்லை. எப்பிடி இருக்கும்? ஏப்ரல் 5ஆம் திகதி வேலையில இருந்தால்தானே பி-60. இவர் அப்ப வேலையில்லாமல் வீட்டில. பெற்றோல் செட் முதலாளி செட்டை வித்துப்போட்டுப் போனவர், ஃபோன் எடுக்கிறேல்லை.

செப்டெம்பர் 15
அக்கா கேக்கிறா, "2019இல செற்றில்ட் ஸ்டேட்டஸ் எடுத்தனீங்கள்தானே, அது காணாதே?" காணாது. அது பிரெக்ஸிற்றுக்காகக் குடுத்த வதிவிட உரிமை, எடுத்த நாளில இருந்துதான் செல்லும்.

செப்டெம்பர் 22
"அப்ப நான்?" எண்டு பெரியவன். அவன் 2010, அப்ப மூண்டு வருசம்தான் ஆகியிருந்தது. அவனைப் பிரிட்டிஷ் பிரஜையாப் பதிவுதான் செய்யவேணும், 1,214 பவுண். தங்கச்சிக்குப் பாஸ்போர்ட் காசு 57.50 மட்டும். ரெண்டுபேரும் ஒரே ஆஸ்பத்திரியில பிறந்ததுகள். ஒண்டும் சொல்லாமல் மேல ஏறிப் போயிட்டான்.

செப்டெம்பர் 23
"அவளுக்கும் 1,214ஐக் கட்டித் தொலைப்பம்" எண்டுறார். பிறந்த அண்டே பிரிட்டிஷ் எண்டால் பதிவே செய்யமாட்டினம், விளங்குதில்லை மனுசனுக்கு.

அக்டோபர் 5
ஜொப் சென்டரில ரெண்டு கிழமைக்கொருக்காப் போய்க் கையெழுத்து வைச்சனான் எண்டு சத்தியம் பண்ணுறார். வேலை தேடுறார் எண்டு அங்க பதிஞ்சிருந்தால் 2009இல வேலையில்லாத அந்த நாலு மாதமும் கணக்கில சேரும். அந்தப் பதிவின்ர பிரதி கேட்டு எழுதியாச்சு. ஒரு மாதம் எடுக்குமாம். சத்தியத்தை ஸ்கான் பண்ணி அனுப்பேலாது.

அக்டோபர் 31
தீபாவளி. வடை கருகிப்போச்சு. தபால்காரன் வந்தவன், கவுன்சில் ரக்ஸ் கடிதம்.

நவம்பர் 6
வந்திட்டுது! 2009 மார்ச் தொடங்கி ஜூன் மட்டும், எல்லாத் திகதியும் வடிவா இருக்கு. ஆனால் பெயர்... மாமாவின்ர பெயரை முதற்பெயராப் போட்டு, இவற்ர பெயரைக் குடும்பப் பெயராக்கி வைச்சிருக்கிறாங்கள். பாஸ்போர்ட்டில அது மறுவளமா இருக்கு. பிறந்த திகதியாவது சரியோ எண்டு கண்ணாடியைப் போட்டுப் பார்த்தன், அச்சு மங்கிக்கிடக்கு, 1ஓ 7ஓ