மான்களும் ஒரு பூனைக்குட்டியும்

கோட்டை வாசலில் மான்களுக்கு வாழைப்பழத்தோல் கொடுத்துக்கொண்டிருந்த தங்கையின் மகன், ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தான்.

அவனுடைய கைபேசியை வாங்கிப் பார்த்தேன்: 15 விநாடிக் காணொளி ஒன்று; துள்ளல் இசை, ஆடும் பூனைக்குட்டி, அதன் காலடியில் இன்னொரு சமூகத்தை இழித்துரைக்கும் ஒற்றை வரி.

"அதை நான் வாசிக்கவே இல்லை மாமா, பாட்டுத்தான் பிடிச்சது" என்றான்.

வாசிக்காமலே பதிந்துவிடுவதுதான் அதன் கெட்டிக்காரத்தனம்.

1933இல் ஜெர்மனியின் நாஜி அரசு, தன் பிரசாரம் வீடுகளுக்குள் நுழைய, 76 மார்க் விலையில் மலிவு வானொலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2002இல் அமெரிக்க இராணுவம், ஆட்சேர்ப்பை மனத்தில் வைத்து, இலவசக் கணினி விளையாட்டொன்றை வெளியிட்டது. வானொலியை அணைத்தால் குரலாவது நின்றது. இந்தச் செயலியோ, அவன் முழுதாகப் பார்த்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதே சாயலில் இன்னும் மூன்றைத் தானாகவே நீட்டியது.

மூன்றாவதில் பூனைக்குட்டி இல்லை. வரி மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது.