துணிந்தவள் என்றால் திட்டா?

போன வாரம் எட்டாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வீரம், தைரியம், துணிவு, அஞ்சாமை, நெஞ்சுரம் என்று ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். பையன்கள் பெரும்பாலும் ஐந்துக்கும் எல்லையில் நிற்கும் ராணுவ வீரரையே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் துணிவுக்கு நேரே, "என் அம்மா துணிந்தவள்" என்று எழுதியிருந்தாள்.

'துணிந்தவள்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'தைரியமானவர்' என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய்விட்டது. அடுத்த நோட்டை எடுத்த பிறகுதான் உறைத்தது. அந்த வாக்கியத்தில் என்ன பிழை?

இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எங்கள் ஊர்களில் 'துணிஞ்சவ' என்பது திட்டு, அவ்வளவுதான். ஆண் துணிந்து இறங்கினால் காரியக்காரன். பெண் துணிந்துவிட்டால் இனி யாருக்கும் அடங்கமாட்டாள் என்று பொருள். 'துணிஞ்ச கட்டை' என்று என் பெரியம்மாவைச் சொல்லிக் கேட்டே வளர்ந்தேன். பெரியப்பா இறந்த பிறகு தனியாக வாரச்சந்தைக்கு மாடு ஓட்டிப்போய் விற்றுவந்தார், அதற்காக. 'நெஞ்சழுத்தக்காரி'யும் அப்படித்தான். நெஞ்சுரம் என்றால் மேடையில் மாலை போடுவார்கள். அதே நெஞ்சு, அழுத்தமாகிப் பெண்ணிடம் இருந்தால் வசை.

நான் மாற்றி எழுதிய தைரியமும் துணிவும் ஒன்றல்ல. தைரியத்தைச் 'சொல்லலாம்', 'கொடுக்கலாம்'. ஆஸ்பத்திரி வராண்டாவில் அழுதுகொண்டு நிற்பவரின் கையைப் பிடித்து, "தைரியமா இருங்க" என்கிறோம். "வீரமா இருங்க" என்று யாரும் சொல்வதில்லை. வடமொழியில் தைரியத்துக்கு உறுதி, நிலைகுலையாமை என்று பொருள். அதனால்தான் ஆறுதல் சொல்லும் இடத்தில் அது அவ்வளவு இயல்பாக உட்காருகிறது. வீரமோ வெளியே தெரிய வேண்டிய சொல். மாடுபிடி வீரர், வீரமரணம், வீரவணக்கம் எல்லாவற்றுக்கும் பார்க்க ஒரு கூட்டம் வேண்டும். இல்லாத வீரத்தைக் காட்டினால் அதற்கும் 'வீராப்பு' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

துணிவுக்குக் கூட்டம் தேவையில்லை. துணிதல் என்றால் அறுபடுதல். உடுத்துகிற துணிக்கும் அதுதான் வேர். துணிந்தவர் என்றால் தயக்கத்தை அறுத்து முடிவெடுத்தவர். 'எண்ணித் துணிக கருமம்' என்று வள்ளுவர் சொல்லும்போது கத்தியும் இல்லை, களமும் இல்லை, முடிவெடுப்பதுதான் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. அதையா அடித்தேன்!

அதைவிட என்னை உறுத்தியது புறநானூற்றின் 279ஆம் பாட்டு. ஒக்கூர் மாசாத்தியார், ஒரு பெண், இன்னொரு பெண்ணைப் பற்றிப் பாடியது. முன்பொரு நாள் போரில் இவளுடைய தந்தை யானையைக் கொன்று தானும் மாண்டான். நேற்றுக் கணவன் மாண்டான். இன்று போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனை அழைத்து, தலையில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். 'கெடுக சிந்தை கடிதுஇவள் துணிவே' என்று தொடங்குகிறது பாட்டு. அந்தத் தாயைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். என் பிள்ளையை நான் அனுப்பமாட்டேன். ஆனால் மாசாத்தியாரும் 'சிந்தை கெடுக' என்று பதறித்தான் சொல்கிறார். பதறினாலும் அவளுக்குக் கொடுத்த சொல் துணிவு. நாம்தான் அதைக் குழாயடிப் பேச்சுக்கு இறக்கிவிட்டோம்.

மறுநாள் வகுப்பில் என் திருத்தத்தை எல்லார் முன்னாலும் அடித்தேன். அந்தப் புறநானூற்றுப் பாட்டையும் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். பின்வரிசையில் லேசாகச் சிரிப்பு. 'துணிஞ்சவ' என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரியும்.

அப்புறம் எங்கள் மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொன்னேன். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். வீரன் என்றோ வீர நாய் என்றோ புகழ் அடைமொழி எதுவும் இல்லை. அவன் 'பட்டான்', அதாவது இறந்தான். நாய் கடித்தது, காத்து நின்றது. செய்ததை மட்டும் வெட்டி வைத்திருக்கிறார்கள். "நீங்களும் அப்படி எழுதுங்கள், புகழ்ச்சொல்லே வரக்கூடாது" என்றேன்.

இந்தத் தடவை ராணுவ வீரர்கள் குறைந்துபோனார்கள். ஒரு பையன், கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியை அவன் அண்ணன் கயிறு கட்டி இறங்கித் தூக்கியதை எழுதினான். அந்த மாணவி நாலே வரி எழுதினாள்: "ராத்திரி முறை கரண்ட் வந்தது. அம்மா டார்ச் எடுத்துக்கொண்டு தனியாகக் கழனிக்குப் போனாள். வரப்பில் பாம்பு கிடந்தது, அது போகும்வரை நின்றாள். மோட்டார் போட்டு, மடை மாற்றிவிட்டு, விடியும்போது வந்தாள்."

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கேட்டாள், "டீச்சர், அந்தப் பாட்டுல வர்ற அம்மா அழவே இல்லையா?"

"பாட்டில் அது இல்லைம்மா" என்றேன்.

"எங்கம்மா அழுவாங்க டீச்சர். அழுதுட்டுத்தான் டார்ச்சை எடுப்பாங்க."

அதையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.