வகுப்புல பிள்ளைங்கள பேச விடுறது

நான் மலேசியாவுல, பினாங்குல ஒரு தமிழ்ப்பள்ளியில நாலாம் ஆண்டுக்கு பாடம் எடுக்குறேன். கேள்வி கேட்டா எப்பவும் அதே நாலு கைதான் தூக்கும், மத்த பிள்ளைங்க மேசையவே பாத்துட்டு இருக்கும், அது எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்திட்டே இருந்துச்சு.

அமெரிக்காவுல ஃபிராங்க் லைமன்னு ஒருத்தர் 1981ல எழுதுன முறை இருக்கு, முதல்ல தனியா யோசி, அப்புறம் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசு, அதுக்கப்புறம்தான் வகுப்புக்கு சொல்லு. நான் கேட்ட கேள்வி, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற பட்டர்வொர்த் ஊருக்குப் போக ஃபெரி நல்லதா பாலம் நல்லதா? 13.5 கிலோமீட்டர் பாலம் 1985லயே வந்துருச்சு, அப்புறம் ஏன் இன்னும் ஃபெரி ஓடுது? வாயே தொறக்காத ஒரு பொண்ணு, "மோட்டார் சைக்கிள் வச்சிருக்கறவங்க மழையில பாலத்துல எப்படி டீச்சர் போவாங்க, எங்கப்பா ஃபெரியிலதான் போவாரு"ன்னு சொன்னா பாருங்க, எனக்கு கண்ணே கலங்கிருச்சு. உடனே ஒரு பையன், "ஆனா ராத்திரி ஃபெரி இல்லன்னா?"ன்னு கேட்டான், ரெஹாட் (இடைவேளை) மணி அடிச்சும் யாரும் எழுந்திரிக்கல.

சத்தமா பேசுற பிள்ளைங்களுக்காக ஆளுக்கு மூணு பாட்டில் மூடி குடுத்தேன், ஒவ்வொரு தடவ பேசும்போதும் ஒன்ன நடுவுல வைக்கணும், தீந்துட்டா மத்தவங்க பேசுறத கேட்டுட்டு இருக்கணும்.

இன்னொன்னு, கேள்வி கேட்டுட்டு மூணு செகண்டாவது சும்மா இருங்க. மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க கல்வி ஆய்வாளர் ஆராய்ச்சி பண்ணப்போ ஆசிரியருங்க சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருந்தாங்களாம், கூட காத்திருந்தா பதில் நீளமா வருதாம். நான் இப்போ மனசுக்குள்ள எண்ணிட்டுதான் நிக்கிறேன்.