37 கட்டுரைகளும் ஓராண்டும்: தொழில்சார் எழுத்தைத் திரும்பிப் படித்த அனுபவம்

தரவுத்தள நிர்வாகம் என் தொழில். வேலையில் கற்றுக்கொள்வதை வாரம் ஒரு கட்டுரையாக எழுதி என் சொந்தத் தளத்தில் வெளியிடுவதென்று சென்ற ஆண்டின் தொடக்கத்தில் முடிவு செய்தேன். ஆண்டு முடிந்தபோது 37 கட்டுரைகள் சேர்ந்திருந்தன. விட்டுப்போன 15 வாரங்களுக்காக வருந்துவதற்கு முன்பாக, எழுதியவை படித்தவர்களுக்குப் பயன்பட்டனவா என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். அடுத்த ஆண்டுக்கான திட்டம் அந்த விடையிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்பதால், இரண்டு வார இறுதிகளை இதற்கென்றே ஒதுக்கினேன்.

முதல் நாளே ஒரு தடை வந்தது. எந்தக் கட்டுரையிலிருந்து வாசகர்கள் எந்தக் கட்டுரைக்குச் சென்றார்கள் என்பதை ஆண்டு முழுமைக்கும் பார்க்கலாம் என்று, தளத்துக்கு வருவோரைக் கணக்கெடுக்கும் கருவியான கூகுள் அனலிடிக்ஸைத் திறந்தேன். வழக்கமான அறிக்கைகள் முழு ஆண்டையும் காட்டின. ஆனால் நாமே வடிவமைத்துக்கொள்ளும் ஆய்வுப் பகுதியில் கடைசி இரண்டு மாதத் தரவு மட்டுமே இருந்தது. அந்த விரிவான தரவை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்குத் தனி அமைப்பு உண்டு. தொடக்கத்தில் அது 2 மாதங்கள் என்றே இருக்கும். நாமாக 14 மாதங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம். தரவைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்ட நான் இதை ஓராண்டு கவனிக்கவில்லை என்பது உறுத்தியது. இப்போது மாற்றிவிட்டேன், ஏற்கெனவே அழிந்தது திரும்பி வராது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் கட்டுரையை எழுதுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நல்லவேளையாக, கூகுள் தேடலில் ஒரு தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கிறது. தேடல் முடிவுகளில் ஒரு பக்கம் எத்தனை முறை தோன்றியது, எத்தனை பேர் அதைச் சொடுக்கினார்கள், என்ன சொற்களைத் தேடி வந்தார்கள் என்பதெல்லாம் அதில் கிடைத்தன. எண்களின் ஏற்ற இறக்கத்தைவிட, அந்தத் தேடல் சொற்களே எனக்கு அதிகம் கற்பித்தன. தரவுத்தள வடிவமைப்புக் கொள்கைகளைப் பற்றி நான் மிகவும் உழைத்து எழுதிய கட்டுரைகளுக்குத் தேடி வந்தவர்கள் சிலரே. ஒரு பிழைச் செய்தியை அப்படியே எடுத்து வைத்து, அது ஏன் வருகிறது, என்ன செய்தால் நீங்கும் என்று ஒரே மாலையில் எழுதிய குறுங்கட்டுரைகளுக்குத்தான் தொடர்ந்து ஆள் வந்திருக்கிறது. நள்ளிரவில் நின்றுபோன ஒரு சர்வரின் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்தப் பிழை வாசகத்தைத் தேடுகிறார் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. அந்த நிலையில் நானும் இருந்திருக்கிறேன்; முகம் தெரியாத யாரோ எழுதி வைத்த நான்கு வரிகள் என்னைக் காப்பாற்றியிருக்கின்றன.

அதற்காகக் கொள்கைக் கட்டுரைகளைக் கைவிட வேண்டும் என்று நான் கருதவில்லை. வேலை தொடர்பாக என்னைத் தேடி வந்த மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டுரைகளைப் படித்தவர்களிடமிருந்தே வந்தன. இந்த வேறுபாடு எந்த அறிக்கையிலும் தெரியாது. கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் தெரிந்தது.

இரண்டாம் வார இறுதியில் 37 கட்டுரைகளையும் முதலிலிருந்து வரிசையாகப் படித்தேன். அந்த ஆண்டில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். எழுதும்போது சரியாக இருந்தவை சில மாதங்களில் தவறாகியிருந்தன. சில, எழுதும்போதே தவறாக இருந்தன.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், தரவுத்தளத்தை நிறுத்தாமலேயே அதன் கோப்புகளைக் காப்பு நகல் எடுக்கும் முறையைப் பற்றி, ஒரு 13-ஆம் பதிப்பு சர்வரில் செய்த வேலையின் குறிப்புகளை வைத்து எழுதியிருந்தேன். நகல் தொடங்குவதை அறிவிக்கும் 'பி.ஜி. ஸ்டார்ட் பேக்கப்' என்ற கட்டளையைச் சர்வருடனான ஓர் இணைப்பிலும், முடிவை அறிவிக்கும் கட்டளையை வேறோர் இணைப்பிலும் கொடுத்திருந்தேன். கோடையில் ஒரு வாசகர், அப்படியொரு கட்டளையே இல்லை என்று தன் சர்வர் சொல்வதாக எழுதினார். அவர் வைத்திருந்தது, 2022 அக்டோபரில் வெளியான 15-ஆம் பதிப்பு. அதில் அந்தப் பெயர் 'பி.ஜி. பேக்கப் ஸ்டார்ட்' என்று மாறியிருந்தது. நன்றி சொல்லி, கட்டுரையில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மறந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து அவரே மீண்டும் எழுதினார்: முதல் கட்டளை ஓடுகிறது, இரண்டாவது கட்டளையோ நகலெடுப்பு எதுவும் நடந்துகொண்டிருக்கவில்லை என்கிறது.

அப்போதுதான் போஸ்ட்கிரெஸின் ஆவணத்தை முழுமையாகப் படித்தேன். 15-ஆம் பதிப்பில் மாறியது பெயர் மட்டுமன்று. நான் பயன்படுத்திய பழைய முறையே நீக்கப்பட்டிருந்தது. நகலெடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சர்வர் திடீரென நின்றால், அந்தப் பழைய முறையில் டேட்டா டைரக்டரியில், அதாவது தரவுத்தளத்தின் கோப்புகள் இருக்கும் இடத்தில், தங்கிவிடும் ஒரு கோப்பு சர்வரை மீண்டும் எழவிடாமல் தடுக்கக்கூடும் என்பதே காரணம். புதிய முறையில், தொடக்கக் கட்டளையைக் கொடுத்த இணைப்பு முடிவுக் கட்டளை வரை திறந்தே இருக்க வேண்டும். அது மூடினால் நகலெடுப்பு கைவிடப்படும். முடிவுக் கட்டளை திருப்பித் தரும் உரையை நாமே ஒரு கோப்பாக நகலுடன் சேர்த்து வைக்கவும் வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த நகலை நம்ப முடியாது. பழைய முறை கைவிடப்படும் என்ற அறிவிப்பு 2016-இல் வந்த 9.6 பதிப்பிலேயே இருந்தது என்பதையும் அன்று அறிந்தேன். கட்டுரையை முற்றிலும் திருத்தி எழுத ஒரு முழு நாள் ஆயிற்று. எழுதி முடித்ததும் ஒரு சோதனை சர்வரில் நகலெடுத்து, அதிலிருந்து மீட்டெடுத்தும் பார்த்த பின்னரே வெளியிட்டேன். என்னை நம்பித் தன் சர்வரில் அந்தக் கட்டளைகளை ஓட்டிய அந்த வாசகருக்கு நான் பட்ட கடன் பெரிது.

முகவரிகளிலும் ஒரு தவறு செய்திருந்தேன். தொடக்கத்தில் கட்டுரைகளின் இணைய முகவரிகளைத் தமிழிலேயே வைத்தேன். உலாவியில் பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 9 குறிகளாக விரிந்துவிடும். ஒருங்குறியில் (யூனிகோட்) 5 குறியீடுகளால் ஆன 'தமிழ்' என்ற சொல் மட்டுமே 45 குறிகளாகிறது. நீண்ட முகவரிகள் மின்னஞ்சலில் உடைந்து, பாதி இணைப்பு மட்டும் சொடுக்கக்கூடியதாக நின்றது. அதனால் ஆண்டின் நடுவில் எல்லாவற்றையும் குறுகிய ரோமன் எழுத்து முகவரிகளாக மாற்றினேன். மாற்றியது சரி, பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றத்தை உடனே அமைக்காமல் விட்டதுதான் பிழை. பிற தளங்களில் இருந்த இணைப்புகள் எல்லாம் சில வாரங்கள் 'பக்கம் இல்லை' என்னும் 404 பிழையில் போய் முட்டின. அந்த வழிமாற்றங்களைக் குறைந்தது ஓராண்டாவது எடுக்காமல் வைத்திருக்கும்படி கூகுள் பரிந்துரைக்கிறது. நான் தளம் இருக்கும் வரை வைத்திருக்கப்போகிறேன்.

எழுதாத 15 வாரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் பல, வேலை மிகுந்த வாரங்கள். எழுத வேண்டிய செய்தி அதிகம் கிடைத்ததும் அவற்றில்தான். ஆனால் வாடிக்கையாளரின் சர்வரில் நடந்ததை அப்படியே எழுத முடியாது. அட்டவணைப் பெயர்களையும் அளவுகளையும் மாற்றி, அதே பிழையை என் சொந்தக் கணினியில் புதிதாக உண்டாக்கி, அதிலிருந்து கிடைத்த பதிவுகளை வைத்தே எழுதுகிறேன். அதற்கு நேரம் பிடிக்கும், பிடிக்கத்தான் வேண்டும். வாரக் கணக்கை எட்டுவதற்காக இந்தப் படியைத் தாண்டிச் சென்றிருந்தால் 52 கட்டுரைகள் இருந்திருக்கும். அவற்றில் எதையும் நான் முழு மனத்துடன் பிறருக்குக் காட்டியிருக்க மாட்டேன்.

ஆகவே அடுத்த ஆண்டில் வாரம் ஒன்று என்ற கணக்கை விட்டுவிடுகிறேன். மாதம் இரண்டு புதிய கட்டுரைகள் போதும்; எஞ்சும் நேரம் பழையவற்றுக்குப் போகும். ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலும் எந்தப் பதிப்பில், எந்த நாளில் சோதித்தேன் என்று எழுதுவேன். போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பை, பெரும்பாலும் செப்டம்பர் அல்லது அக்டோபரில் வெளியிடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் 5 ஆண்டுகள் ஆதரவு உண்டு. ஆகையால் அக்டோபரில் புதிதாக எதுவும் எழுதாமல், புதிய பதிப்பை நிறுவி, எல்லாக் கட்டுரைகளின் கட்டளைகளையும் அதில் ஓட்டிப் பார்ப்பதென்று நாட்காட்டியில் குறித்துவிட்டேன். பிழைகளைச் சுட்டி எழுதியவர்களின் கடிதங்கள் தனிக் கோப்புறையில் உள்ளன. அவற்றில் 11 கேள்விகளுக்கு நான் இன்னும் விடை எழுதவில்லை. ஆண்டின் முதல் கட்டுரைகள் அவைதான். பட்டியலின் தலையில் இருப்பது, கோடையில் இருமுறை எழுதிய அதே வாசகர் கடைசியாகக் கேட்டது: மீட்டெடுத்த தரவுத்தளம் முழுமையாக இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது? அதற்கான சோதனை சர்வரை நேற்று இரவு அமைத்து முடித்தேன்.